நீல மைக்கு இரண்டு சாட்சி

"தட்டை அட்லாண்டிக்கில் வை. அங்கேதான் கோடு குறைவு."

ஒஸ்லோவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைச் சொல்லுவார். அவருடைய சாப்பாட்டு மேசை முழுவதும் ஒரு வரைபடம். பல தாள்களை அருகருகே ஒட்டிச் செய்தது. இடப்பக்கம் அமெரிக்காவின் கிழக்குக் கரை, வலப்பக்கம் ஐரோப்பா. மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. நடுவில் இருந்த சமுத்திரத்தில் தட்டுகளை வைத்து நாங்கள் இருவரும் அவித்த உருளைக்கிழங்கும் தகரப் பேணியில் வரும் மீன் உருண்டையும் சாப்பிடுவோம். என்னுடைய மிளகாய்த்தூள் போத்தல் ஐஸ்லாந்துக்குக் கீழே நிற்கும். அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் துடைக்கும்போது திரும்ப அதே இடத்தில்தான் வைப்பார்.

உயர்ந்த மனுசி. முதுகு சற்று வளைந்திருந்தது. ஆண்கள் போடும் கட்டம் போட்ட சட்டைதான் போடுவார். கழுத்தில் சப்பாத்துக் கயிற்றில் கட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி. டென்மார்க் போகும் கப்பலுக்கு ரிக்கற் விற்கும் கவுண்டரில் வாழ்நாள் முழுக்க வேலை செய்து ஓய்வுபெற்றவர். தான் ஒரேயொரு முறை அந்தக் கப்பலில் ஏறினாராம். வழியெல்லாம் வாந்தி. இறங்கியவுடன் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டார். கலியாணம் செய்தாரா, பிள்ளைகள் உண்டா என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் தொலைபேசி அடித்தால் இருவரும் திடுக்கிடுவோம். பெரும்பாலும் எனக்குத்தான் வரும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு இடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். நோர்வேயின் வடக்கு முனையில் மீன் ஆலையொன்றில் மூன்று குளிர்காலம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்திருந்தேன். உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. ஊரில் யுத்தம் ஓய்ந்து, சமாதானம் பேச நோர்வேக்காரர்கள் போய்வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தமிழ்க் கடை ஒன்றில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து அறை கேட்டுப் போனேன். நாலாவது மாடி, லிப்ட் இல்லை.

கதவைத் திறந்ததும் அவர் கேட்டது: "எந்த வழியாக வந்தாய்?"

நோர்வே மொழியில் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான்.

"நிலக்கீழ் றெயினில் வந்து, பிறகு நடந்து வந்தேன்."

"அதைக் கேட்கவில்லை. உன் வீட்டிலிருந்து எப்படி வந்தாய்?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் பாடமாக இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இருந்தது. கொழும்பில் விமானம் ஏறினேன், பெயர் தெரியாத ஒரு விமான நிலையத்தில் மாறினேன், ஒஸ்லோவில் இறங்கினேன், கடவுச்சீட்டை ஏஜென்ற் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வழியில் வேறொரு நாட்டில் கால் வைத்ததாகச் சொன்னால் அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஆகவே எங்களுக்கு வந்த வழி ஒன்று, அகதிக் கேஸில் எழுதிய வழி இன்னொன்று. வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, இரண்டாவதுதான் நாக்கில் முதலில் வரும்.

அவர் என்னை மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரைபடத்தில் இலங்கை இல்லை. பழைய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து விளிம்பில் ஒட்டினார். மேசையில் இடம் போதாமல் அது கீழே தொங்கியது. அன்று தொடக்கம் யாழ்ப்பாணம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பென்சில் எடுத்து, நான் சொன்ன விமான வழியை விட்டுவிட்டுச் சிறு சிறு கீறல்களாகப் போட்டார்.

"ஏன் முழுக்கோடாகப் போடவில்லை?" என்று கேட்டேன்.

"யார் உன்னோடு வந்தது?"

"ஒருவரும் இல்லை."

"அப்படியானால் பென்சில்தான். ஒருவர் சொன்னால் கதை. இரண்டு பேர் சொன்னால் வழி. அந்த இரண்டு பேரும் முன்பே கூடிப் பேசியிருக்கவும் கூடாது."

என்னைப் பொய்யன் என்கிறார் என்று நினைத்தேன். நான் சொன்னது பொய்தான் என்பது வேறு விடயம். அறை வாடகை மலிவு என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

தமிழ்க் கடைக்காரருக்கு இது நல்ல பகிடி. என்னைக் கண்டால் அரிசி நிறுத்துக்கொண்டே கேட்பார்: "என்னடாப்பா, உன்ரை வீட்டுக்காரி வாடகைக்கு மேலை வழியும் கேக்கிறாவாம்? நான் எண்டா நல்லூரிலை தேரிலை ஏறி இஞ்சை வந்து இறங்கினனான் எண்டு சொல்லியிருப்பன்."

"சொல்லிப் பாருங்கோ அண்ணை. பென்சிலாலை கீறி வைப்பா."

உண்மையிலே கீறித்தான் வைப்பார். யார் சொன்னதையும் அவர் நம்பாமல் விட்டதில்லை. முழுக்க நம்பியதும் இல்லை. ஒருவர் சொன்னதற்குப் பென்சில். ஒருவரையொருவர் அறியாத இருவர் சொன்னதற்கு நீல மை. ஒருவருமே சொல்லாத இடத்தை வெறுமையாக விட்டார்.

அந்தக் கோடுகள் அவருடையவையும் அல்ல. அமெரிக்காவில் பழைய குடும்பத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த நாடு இங்கிலாந்து ராசாவின் கையிலும், அதற்கு முன்னர் ஒல்லாந்தர் கையிலும் இருந்த காலத்தில் போய் இறங்கியவர்களின் பரம்பரை. எங்கள் பாட்டன் பாட்டி உங்கள் கரையிலிருந்து வந்தவர்களாம், தேடித் தருவீர்களா என்று அவருக்கு மின்னஞ்சல் எழுதுவார்கள். வியாழக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் அவற்றைத் தாளில் எடுத்துக்கொண்டு வருவார். மற்ற நாட்களில் நிலக்கீழ் றெயினில் கடைசித் தரிப்புக்குப் போய், ஆவணக் காப்பகத்தில் பழைய ஏடுகளுக்கு முன்னால் இருப்பார். யாரிடமும் காசு வாங்கியதில்லை.

நோர்வேயின் தென்கரை ஆட்களுக்கு அந்தக் காலத்தில் ஒஸ்லோவுக்கு வருவதைவிட ஆம்ஸ்டர்டாமுக்குப் போவது லேசு என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஒல்லாந்துக் கப்பல்கள் மரம் ஏற்ற வரும். திரும்பும்போது பெடியன்கள் மாலுமிகளாகவும் பெட்டைகள் வீட்டு வேலைக்காரிகளாகவும் ஏறிக்கொள்வார்கள். அங்கே இன்னொருவன் இன்னொரு கப்பலைக் காட்டுவான். அமெரிக்கா போகவென்று நோர்வேயில் யாரும் பெட்டி கட்டவில்லை.

"நாங்களும் கனடாவுக்கு என்று வெளிக்கிட்டவர்கள்தான்" என்றேன் ஒருநாள்.

அவர் உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "விமானம் ஒஸ்லோவுக்கு அல்லவா வந்தது?"

நான் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன். 

அமெரிக்கர்கள் கேட்பது பெயரும் பட்டமும். அவர் அனுப்புவது வழி. கப்பல் எந்தத் தீவில் காற்றுக்காகக் காத்துக் கிடந்தது, எங்கே தண்ணீர் ஏற்றியது, எந்த மாதம் ஆற்றுக்குள் நுழைந்தது. பலர் ஒரு நன்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த, ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவருடைய மூதாதை ஒரு வேலைக்காரப் பெட்டை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாலுமியைக் கட்டி, அவனோடு மன்ஹாட்டனில் இறங்கி, ஆற்றில் மேலே போய், தோல் வியாபாரம் நடந்த ஒரு கோட்டைக்குப் பக்கத்தில் வாழ்ந்து செத்தவள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவள் போன வழி முழுவதும் மேசையில் நீல மையில் ஓடியது. நோர்வேயில் தொடங்கும் முதல் துண்டு மட்டும் பென்சில்.

அவர்கள் இருவரும் பல வருடங்களாக ஒவ்வொரு கிழமையும் எழுதிக்கொண்டார்கள். பெட்டையைப் பற்றித் தொடங்கி, பிறகு அவருடைய முழங்கால் வலி, இவருடைய படிக்கட்டு, அங்கே விழுந்த பனி, இங்கே விழுந்த பனி. வியாழக்கிழமை பின்னேரங்களில் அவர் தாளை வாசித்துத் தனியாகச் சிரிப்பது என் அறைக்குக் கேட்கும்.

ஒரு வைகாசியில் அந்தப் பல் வைத்தியர் ஒஸ்லோவுக்கு வந்தார். வீட்டுக்காரி தலைமயிர் வெட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றிக் கழுவினார். என்னைக் கொலர் வைத்த சட்டை போடச் சொன்னார். மறுநாள் இருவரும் தென்கரைக்குப் போக றெயின் ரிக்கற் எடுத்துச் சுவரில் குத்தி வைத்திருந்தார். ஆவணக் காப்பகத்தைத் தாண்டி அவர் எங்காவது போக ஆயத்தமானதை நான் அன்றுதான் கண்டேன்.

வந்தவர் பெரிய உருவம், பெரிய சிரிப்பு. என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, நல்ல பல் என்றார். சாப்பிட்டு முடிந்ததும் பையிலிருந்து ஒரு பித்தளைத் தகடு எடுத்து அட்லாண்டிக்கில் வைத்தார். அந்தப் பெட்டையின் பெயரும் தென்கரைப் பண்ணை ஒன்றின் பெயரும் வெட்டப்பட்டிருந்தன. மூலைகளில் ஆணிக்கு ஓட்டை. அவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். என் உடைந்த ஆங்கிலத்துக்கு விளங்கியது இவ்வளவு.

"நாளைக்கு இதை அந்தப் பண்ணைச் சுவரில் பூட்டுவோம்."

"எந்தச் சுவரிலும் பூட்ட முடியாது" என்றார் வீட்டுக்காரி. "கலியாணம் எழுதியபோது அவள் அந்தத் துறைமுகத்தைச் சொன்னாள். ஒரு முறை, ஒரு எழுத்தரிடம். துறைமுகத்துக்குப் பின்னால் எத்தனையோ வீடு. இந்தப் பண்ணை என்று யார் சொன்னது?"

"என் மனம் சொல்கிறது."

"உன் மனம் அப்போது பிறக்கவில்லை."

அவர் சிரித்துப் பார்த்தார். இவர் சிரிக்கவில்லை.

"எனக்கு வயது போய்விட்டது. என் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வீடு வேண்டும். ஒரு சின்னக் கோடு. உன் கையால் நீலத்தில் போட்டுவிடு. யாருக்கு நட்டம்?"

"அவளுக்கு" என்றார். "பிழையான வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், அவள் யாரைக் கூப்பிடுவாள்?"

பல் வைத்தியர் தகட்டை ஸ்வெற்றரில் சுற்றிக்கொண்டு போனார். தென்கரைக்குத் தனியாகவே போய், அந்தப் பண்ணைக்காரரின் சம்மதத்தோடு பூட்டியும் விட்டாராம். சுவரில் குத்தியிருந்த ரிக்கற் வெகுகாலம் அங்கேயே இருந்தது. வியாழக்கிழமைகளில் வீட்டுக்காரி நூலகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது பைக்குள் தாள் சரசரக்கிறதா என்று நான் காது கொடுப்பேன். சரசரக்காது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே மேசைக்குப் போவார்.

அந்த மாரியில்தான் நான் அவரிடம் உண்மையான வழியைச் சொன்னேன். தன்னுடைய ஒரே சிநேகிதருக்குக்கூடப் பொய்க்கோடு போடாத கையிடம் என்னுடைய பொய்க்கோடு கிடப்பது எனக்கு அந்தரமாக இருந்தது. எனக்கு அப்போது நிரந்தர விசாவும் கிடைத்திருந்தது.

கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு விமானம். அங்கே ஒரு நிலவறையில் மாதக்கணக்கில் இருப்பு. பிறகு லொறி, பிறகு ஒரு வான் வண்டி, பிறகு நடை. உக்ரைனின் மேற்கு ஓரத்தில் எல்லை திறக்கும் வரை எங்களை ஆற்றோரத்து மரக் கொட்டில் ஒன்றில் அடைத்து வைத்தார்கள். மூன்று பேர். நான், என் வயதில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன், எங்களைவிட மூத்த ஒருவர். அவரை மட்டக்களப்பு அண்ணன் என்று கூப்பிட்டோம். தன்னிடமிருந்த இரண்டாவது காலுறைச் சோடியை ஆளுக்கொன்றாக எங்களுக்குத் தந்தவர். எனக்கும் அவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு விட்டது. அவருக்கு விடவில்லை. ஏஜென்ரின் ஆட்கள் இருவர் போர்வையில் சுற்றிக் கொண்டுபோனார்கள். விடியத் திரும்பி வந்து, நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டி, ஒரு சுவர் மாதிரிக் கையால் காட்டினார்கள். கொட்டிலில் இருந்து தெரிந்த தேவாலயத்தின் சுவரோரம் புதைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம். அது எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வழியில் ஊர்ப்பெயர் சொல்லவே மாட்டார்கள். பிடிபட்டால் நாங்களும் சொல்ல முடியாதல்லவா.

மட்டக்களப்பில் அவருக்கு ஒரு அக்கா. நான்தான் செய்தி சொன்னவன் என்பதால் மாதத்தில் ஒருமுறை தொலைபேசி அட்டை வாங்கி அவரோடு கதைப்பேன். அவர் அழுவதில்லை. ஒரே கேள்விதான்.

"எங்க தம்பி வெச்சாங்க?"

"உக்ரைன் எண்ட நாடு அக்கா."

"நாடு சரி தம்பி. எந்த எடம்? காட்டுக்குள்ளயா? நாய் நரி திரியிற எடமா? ஆள் நடமாட்டம் இல்லாத எடத்துல அவன் ஒத்தையில கிடக்க மாட்டான். சின்ன வயசிலயே பயந்தவன்."

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரி விரிப்பைத் தூக்கினார். அழிறப்பர் எடுத்து விமான வழியை அழித்தார். தூசியை ஊதினார். பிறகு கேட்டார்: "கொட்டிலில் இருந்து பார்த்தால் சூரியன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் விழுந்ததா, அந்தப் பக்கமா?"

அன்று தொடங்கியது பல மாதம் போனது. சாப்பிடும்போது கேட்பார். நான் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டும்போது கேட்பார். பாண் கறுப்பா, பழுப்பா? ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டதா? மின்கம்பத்தில் கொக்குப் போன்ற பெரிய பறவை கூடு கட்டியிருந்ததா? தேவாலயத்தின் கூரை தகரமா, மரமா? எங்கெங்கோ எழுதி வரைபடங்கள் எடுப்பித்தார். அமெரிக்கர்களின் பாட்டிகள் ஒரு மூலையில் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் அவருடைய விரல் இரண்டு கிராமங்களில் வந்து நின்றது. இரண்டிலும் ஆறு, இரண்டிலும் ஆற்றுக்குக் கிழக்கே வீடுகள், இரண்டிலும் தகரக் கூரைத் தேவாலயம். ஒன்றின் பக்கத்தால் றெயில் பாதை போனது. மற்றதில் இல்லை.

"றெயின் சத்தம் கேட்டது" என்றேன். "நல்லாக் கேட்டது."

"காய்ச்சலோடா?"

"ஓம்."

"காய்ச்சலில் நான் டென்மார்க் கப்பல் ஊதுவதைக் கேட்டிருக்கிறேன், இந்தக் கட்டிலில் கிடந்து. அது சாட்சி ஆகாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த அக்காவுக்கு ஒரு ஊர்ப்பெயர் போதும், எதைச் சொன்னாலும் நம்புவார் என்று கத்தினேன். "அதனால்தான்" என்றார் அவர். நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு படி இறங்கினேன். கீழே போனதும் போக ஒரு இடமும் இல்லாததால் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாவது சாட்சியை நான் ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் கண்டேன். தேடிப் போகவில்லை. ஒரு ஜக்கெற் வாங்கப் போன இடத்தில், கொட்டிலில் என்னோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் தள்ளுவண்டிலும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக எதிரே வந்தான். நாடியில் இருந்த தழும்பால் அடையாளம் பிடித்தேன். அவனும் என்னைப் பிடித்துவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

"இவர் முந்தி என்னோடை மீன் ஆலையிலை வேலை செய்தவர்" என்று மனைவிக்குச் சட்டென்று சொன்னான்.

"வீட்டை ஒருக்கா வாங்கோ அண்ணை" என்றாள் அவள். "ஆனா ஏறி வரவேணும். இஞ்சை ஸ்ட்ரோம்மனிலை, கடையளுக்குப் பக்கத்திலை ஒரு வடிவான வீடு மலிவா வந்தது. ஸ்ரேசனும் கிட்ட. இவர் பாத்திட்டு ஒரேயடியா வேண்டாமெண்டிட்டார். கொண்டுபோய் லோறென்ஸ்கூக்கிலை ஒரு மேட்டிலை வைச்சிருக்கிறார். எல்லாத்துக்கும் பஸ்தான்."

"எத்தினை வருசத்துக்கு உதையே சொல்லுவாய்?" என்றான் அவன்.

மனைவி பிள்ளைகளோடு முன்னால் போனதும் தொலைபேசி இலக்கம் தந்தான். அவன் வர ஒப்புக்கொள்ள வெகு நாள் பிடித்தது. வீட்டுக்காரி எனக்கு ஒரே ஒரு கட்டளை இட்டிருந்தார்: றெயின் என்ற சொல்லை அவனிடம் எடுக்கக் கூடாது. "கேள்விக்குள் பதிலை வைத்தால் அது உன்னுடைய சாட்சிதான். அவனுடையதல்ல." நான் எடுக்கவில்லை. கோப்பி குடிக்க வா என்று மட்டும் சொன்னேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தான். மேசையைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"டேய், என்னை எங்கை கொண்டந்து மாட்டியிருக்கிறாய்?" என்றான் தமிழில். "ஆர் இவ? பொலிசோ?"

"இல்லையடா. வயசுபோன மனுசி. மட்டக்களப்பு அண்ணன் கிடக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். அவற்றை அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறா."

"எனக்கு ஒரு அண்ணனையும் தெரியாது. அம்மாவைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருக்கிறன். பழைய பைலை எடுத்து வைச்சுக்கொண்டு ஒவ்வொண்டாக் கேக்கிறாங்கள். கேஸிலை எழுதினதுதான் நான் வந்த வழி."

வீட்டுக்காரி கோப்பி ஊற்றினார். பிஸ்கற் தட்டை நியூபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் தள்ளினார். "எந்த வழியாக வந்தாய்?" என்று கேட்டார்.

"விமானத்தில்" என்றான் சுத்தமான நோர்வே மொழியில். "கொழும்பு, கோப்பன்ஹேகன், ஒஸ்லோ."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரிப்பைத் தூக்கி, பென்சில் எடுத்து, அவன் சொன்ன வழியைச் சிறு கீறல்களாகக் கடைசி வரை போட்டார். வழியைப் பற்றி வேறெந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளைகளின் வயதை விசாரித்தார். அவன் கோப்பியை ஒரே மிடறில் குடித்துவிட்டு எழுந்தான். மனதுக்குள் அந்த அக்காவுக்கு என்ன சொல்வதென்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

வாசலில் குந்தி இருந்து சப்பாத்துக் கட்டினான். முதுகு எங்கள் பக்கம். கட்டிய கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினான். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்:

"அண்டைக்கு அந்தாளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடேக்கை ஒரு றெயின் வந்தது. உனக்கு நினைவிருக்காது, நீ காய்ச்சலிலை பேத்திக்கொண்டு கிடந்தனி. சரக்கு றெயின். முடியவே முடியாது. அவங்கள் ரெண்டு பேரும் போர்வையை நிலத்திலை வைச்சிட்டு, சவத்துக்கு ரெண்டு பக்கமும் நிண்டு சிகரெட் பத்தினவங்கள். அது போய் முடியுமட்டும் நான் கதவிடுக்காலை பாத்துக்கொண்டு நிண்டனான். ஸ்ட்ரோம்மன் வீட்டுக்குப் பின்னாலை தண்டவாளம். மனிசிக்கு என்னெண்டு சொல்ல?"

எழுந்தான். "இது உனக்கும் எனக்கும்" என்றான். படியிறங்கிப் போய்விட்டான்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் வீட்டுக்காரி.

"கோப்பிக்கு நன்றி சொன்னார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கோப்பிக்கு நன்றி சொல்ல ஒருவன் சப்பாத்துக் கயிற்றை இரண்டு முறை கட்டமாட்டான் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"அவரிடம் நீ அந்தச் சொல்லை எடுத்தாயா?"

"இல்லை. ஒருநாளும் இல்லை."

உள்ளே போய், அலுமாரியிலிருந்து நீல மைப் பேனையை எடுத்து வந்தார். அந்தப் பேனையை வேறு யாரும் தொட்டு நான் கண்டதில்லை. மூடியைக் கழற்றி மேசையில், எனக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கு உங்கள் மொழி தெரியாது" என்றார். "உனக்குத் தெரியும்."

கோப்பைகளைச் சேர்த்தெடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டார். கழுவ இருந்தது மூன்று கோப்பை. தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நான் விரிப்பைத் தூக்கி, றெயில் பாதை போகும் கிராமம் வரைக்கும் ஒரு நகத்தளவு கோடு போட்டேன். நடுவில் ஒரு இடம் கோணித் தடித்துவிட்டது. அவர் வந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"நேராக வரவில்லை."

"ஆறும் அங்கே நேராக ஓடவில்லை" என்றேன்.

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. லோறென்ஸ்கூக் மேட்டில் இருப்பவனுக்குக் கொடுத்த வாக்கு அது. அக்காவுக்கு மட்டும் மறுநாள் சொன்னேன். பெயரை அவர் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் நிற்கவில்லை.

"பேரு கிடக்கட்டும் தம்பி. பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒரு சேர்ச், அக்கா. ஒரு ஆறு."

"சனம் போய் வாற எடமா?"

"றெயில் பாதை ஒண்டு போகுது. றெயின் ஓடுற பாதை."

 

"றெயில் போகுதா?" என்றார். "அப்ப சரி. ராவையில ஒரு சத்தமாவது கேக்கும் அவனுக்கு."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. நான் அடுத்த வருடம் திராமன் நகருக்குப் போனேன், பிறகு வேறு இடங்களுக்கு. வீட்டுக்காரி இறந்த செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. மேசையை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. நான் கடைசியாகப் பார்த்தபோதும் அந்த வேலைக்காரப் பெட்டையின் முதல் துண்டு பென்சிலில்தான் இருந்தது. பல் வைத்தியரிடமிருந்து பிறகு மின்னஞ்சல் வரவேயில்லை.

ஊர்ப்பெயர் சொன்ன அன்று, அக்காவோடு கதைத்துவிட்டு வந்து, அவர் சொன்னதை நான் வீட்டுக்காரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, அவர் ஏதோ ஏட்டின் பிரதியொன்றில் கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"றெயின் இருக்கிறது என்று நீ முதலில் சொன்னாயா, இல்லை அவர் கேட்டாரா?"

"ஆட்கள் போய் வரும் இடமா என்று அவர் கேட்டார். பிறகுதான் நான் சொன்னேன்."

"நல்லது" என்றார். கண்ணாடியை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.